கூட்டத்தில் சேராத புள்ளி

வயதாக ஆக உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் என்ன பாடு படுகின்றன என்பதை ஆராய்ந்தே பேராசிரியர் அறுபதை நெருங்கிவிட்டார். ஆனால் அந்த அறுபது பிறப்புச் சான்றிதழின் சமாச்சாரம், தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி. விடிந்ததும் பல் கிட்டித்துப்போகும் குளிர்நீரில் குளிப்பார். சர்க்கரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்கத்தில் யாராவது முட்டியைத் தடவினால் போதும், அங்கேயே ஒரு சொற்பொழிவு அரங்கேறிவிடும். ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘எவர்கிரீன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தபோது அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி பல் மருத்துவர். மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். வண்டி பழக வந்தவர்கள் எதிலும் இடிக்காத நேரமெல்லாம் பக்கத்து சீட்டில் கண்ணயர்வது மச்சானின் வழக்கம். தொப்பை, குறட்டை, எதைக் கொடுத்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கும் வாய். பேராசிரியர் தம் கட்டுரைகளில் ‘இப்படி வாழாதீர்கள்’ என்று எழுதும்போதெல்லாம் மனக்கண்ணில் நின்றவர் மச்சான்தான்.

அக்கி வராமல் தடுக்கும் ஊசியை இருவரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தார். பேராசிரியரே காரை ஓட்டிப்போய் மச்சானை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

“சார், உங்க பேரும் இருக்கே. வாங்க.”

“அது வயசானவங்களுக்குப் போடறதும்மா.”

நர்ஸ் அவருடைய தலையைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வை பேராசிரியருக்கு வீடுவரை உறுத்தியது.

அந்தச் சமயத்தில் ஆய்வுக்கூடத்தில் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நோயை எதிர்க்கும் புதிய டி-அணுக்கள் தேறி வருவது அங்கேதான். வாலிபம் கடந்ததும் அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அப்புறம் இருக்கிற அணுக்களே தங்களைப் பிரித்துப் பெருக்கிக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டும். அந்த ஓட்டம் யாருக்குச் சீராக ஓடுகிறது, யாருக்கு நொண்டுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ரத்தம் கொடுக்க ஆள் பற்றவில்லை. பேராசிரியர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தாமே முன்வந்தார். மச்சானும் வந்தார். ரத்தம் கொடுத்தால் பிஸ்கட் உண்டு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

முடிவு வந்த அன்று ஆய்வு மாணவி அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“சார், உங்க ரிசல்ட் வந்துருச்சு.”

“என்ன, சின்னப் பசங்க கூட்டத்துல கலந்துருச்சா?”

அவள் மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். இளையவர்களின் நீலப் புள்ளிகள் ஒரு பக்கம் குவிந்திருந்தன. முதியவர்களின் சிவப்புப் புள்ளிகள் எதிர்ப்பக்கம். அந்தச் சிவப்புகளையும் தாண்டி, ஓரத்தில், யாரோடும் ஒட்டாமல் ஒரு புள்ளி கிடந்தது.

“பாவம், இது யாரு?”

“நீங்கதான் சார்.”

நீலக் கூட்டத்தை ஒட்டிச் சாவகாசமாக ஒரு சிவப்பு இருந்தது. அவர் அதைத் தொட்டுக் காட்டினார். அவளே சொன்னாள்.

“அது உங்க மச்சான்.”

ரத்தக் குழாயை யாரோ வெயிலில் வைத்துவிட்டார்கள் என்று பேராசிரியர் தீர்ப்பளித்தார். மறுபடி எடுத்தார்கள். அதே இடம். இயந்திரம் சரியில்லை என்றார். வேறு இயந்திரத்தில் பார்த்தார்கள். புள்ளி நகர மறுத்தது.

“உங்களுக்குப் புது அணுக்கள் ரொம்பக் குறைவு சார். ஏதோ ஒரு பழைய வைரஸை மட்டும் காவல் காக்கிற அணுக்களே முக்கால்வாசி இடத்தை அடைச்சிருக்கு, மத்த வைரஸுக்குக் காவல் கம்மி. ஆனா ஒருத்தர் ரத்தத்தை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது.”

“முடியாதுல்ல? அப்ப அந்தப் புள்ளியை எடுத்துரு.”

“என்ன காரணம் போடட்டும்?”

“ரத்த மாதிரி பழுதுன்னு போடு.”

“எல்லா தடவையுமா சார்?”

“எல்லா தடவையும்தான்.” கொஞ்சம் யோசித்தார். “அவரோடதையும் எடுத்துரலாமே.”

“அதுல பழுதே இல்லையே சார்.”

அவர் புள்ளி மட்டும் நீங்கியது. படம் கண்ணுக்கு அழகாக இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார்.

அடுத்த வாரம் பொதுமக்களுக்கான சொற்பொழிவு. ‘முதுமையே, தள்ளி நில்’ என்று தலைப்பு. இரண்டு நாளாகவே வலது விலாவில் ஒரு எரிச்சல். உடற்பயிற்சியில் தசை பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு மேடையேறினார். அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மனைவி; பக்கத்தில் மச்சான், அரைத் தூக்கத்தில்.

பாதிப் பேச்சுவரை சண்டமாருதம்தான். பிறகு அக்கிக்கு வந்தார்.

“சின்ன வயசுல வந்த சின்னம்மை உடம்பை விட்டுப் போறதில்ல. அந்த வைரஸ் நரம்புக்குள்ள படுத்துக் கிடக்கும். அதை அடையாளம் தெரிஞ்ச அணுக்கள் காவல் இருக்கிற வரைக்கும் வாலாட்டாது. காவல் தளர்ந்தா எழுந்திரிச்சிரும். முதல்ல ஒரு பக்கமா மட்டும், பெல்ட் கட்டின மாதிரி, எரிச்சல்…”

அவர் கை தானாக விலாவுக்குப் போனது.

“…தசை பிடிப்புன்னு நினைச்சு… சிலர் தைலம் தேய்ப்பாங்க.”

அரங்கம் காத்திருந்தது. பேராசிரியர் திரையில் தெரிந்த கொப்புளப் படத்தை, வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பவரைப் போல வெறித்தார். பிறகு மிச்சமிருந்த படங்களை ஒரே தள்ளாகத் தள்ளி, நன்றி சொல்லி இறங்கிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் மச்சான் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, நீங்க படத்துல காட்டினது இதேதான். அதுல கொஞ்சம் மங்கலா இருந்துச்சு.”

மனைவி திட்டவில்லை. அவரைக் காரில் ஏற்றி நேரே தோல் மருத்துவரிடம் கொண்டுபோனார். அந்த மௌனத்துக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று பேராசிரியருக்குத் தோன்றியது.

கொப்புளம் சீக்கிரம் உலர்ந்தது. வலி உலரவில்லை. பனியன் உரசினால் உயிர் போனது. ஒரு மாதம் சட்டையில்லாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மச்சான் தினமும் வந்து எதிர் சோபாவில் தூங்கினார். ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் குறட்டை விடும் அந்த நிம்மதியைப் பார்த்து முதலில் எரிந்தார். போகப் போக, மச்சான் வரத் தாமதமானால் வாசலைப் பார்க்கத் தொடங்கினார். அந்த மனுஷன் ஒருவர்தான் அவரிடம் எதுவும் விளக்கச் சொல்லவில்லை.

மாணவி கட்டுரையின் இறுதிப் படியோடு வந்தாள்.

“சார், அந்தப் புள்ளி…”

“போட்டுரு,” என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

“காரணக் குறிப்பு?”

“ஒண்ணும் வேண்டாம். ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. என்னோட ரத்தம்னு மட்டும் போடு.”

கட்டுரை வெளியானது. கவனம் பெற்றது. ஒரு பத்திரிகை நிருபர் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, சொந்த உடம்பைப் பற்றிய கசப்பான உண்மையை மறைக்காமல் வெளியிட எப்படித் துணிந்தீர்கள் என்று கேட்டார்.

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்தார்.

“விஞ்ஞானத்துல ஒரு புள்ளியைக்கூட நீக்கக் கூடாதுங்க. ஆரம்பத்துலேருந்தே நான் அதுல பிடிவாதமா இருந்தேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவிக்குத் தேநீர் புரையேறியது. நிருபர் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.