மேயர் கலந்த மந்தை

தீவனக் கடைக்கு வந்தவர்களில் ஹார்லன் ப்ரூயிட் அந்தப் படத்தைக் காட்டாத ஆள் கிடையாது. தவிடு வாங்க வந்தவர், லாடம் வாங்க வந்தவர், வழி கேட்க நின்ற வெளியூர்க்காரர் என்று எல்லோர் மூக்குக்கு நேரேயும் கைபேசியை நீட்டினார். சும்மாவா? கல்யாணமான வருஷத்திலிருந்து விண்ணப்பம் போட்டு, தலைமுடியெல்லாம் கொட்டிய பிறகு குலுக்கலில் அவர் பெயர் விழுந்திருந்தது. காட்டுச் செம்மறிக் கிடா ஒன்றைச் சுட அனுமதி. மொன்டானாவில் இந்தச் சீட்டுக்காகக் காத்திருந்தே செத்துப்போனவர்கள் உண்டு.

ஆனால் படத்தில் இருந்தது சுட்ட கிடா அல்ல, அவருடைய வெள்ளாடு. பெயர் மேயர். தாடியும் தொந்தியுமாக, யாரைக் கண்டாலும் தலையாட்டிக்கொண்டு கிட்டே வரும் பிறவி. முட்டி தேய்ந்துபோன ஹார்லனுக்காக மலைமேல் கூடாரமும் அடுப்பும் சுமப்பதற்கு நான்கு வெள்ளாடுகள் இருந்தன. அவற்றில் மேயர்தான் செல்லப்பிள்ளை. ஆக்ஸ்போ மலையில் முகாம் போட்ட மறுநாள் காலை மேயரைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால், முகட்டுக்கு அப்பால் காட்டுச் செம்மறிப் பெட்டைகளுக்கு நடுவே, சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி அசை போட்டுக்கொண்டு நின்றது. ஒரு பெட்டை கழுத்தை நீட்டி அதன் மூஞ்சியை முகர்ந்தது. ஹார்லன் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் படம் எடுத்தார்.

இந்த மனிதருக்கு விவரம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆக்ஸ்போவில் முன்பு ஒரு காட்டுச் செம்மறிகூட இல்லை. வெளியிலிருந்து லாரியில் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டபோது, கண்ணைக் கட்டிக் காலைக் கட்டி ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கியவர்களில் அவரும் ஒருவர். மந்தை பெருகப் பெருக, சொந்தப் பிள்ளைகள் தலையெடுத்த மாதிரி பூரித்துப்போனார். மலையடிவாரத்தில் ஒருவர் ஆசைக்கு நாலு செம்மறி வளர்க்கிறார் என்று தெரிந்ததும், வீட்டு ஆட்டின் கிருமி காட்டு ஆட்டைக் கொன்றுவிடும் என்று வாசலில் நின்று சண்டை போட்டு விற்க வைத்ததும் இதே ஹார்லன்தான். ஆபத்து செம்மறியால்தான், வெள்ளாடு வேறு இனம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் நினைப்பு. பாதி ஊருக்கும் அதே நினைப்புதான்.

காரின் ஓல்ஸ்டாட் தன் குதிரைக்கு உப்புக்கட்டி வாங்க வந்தாள். வனவிலங்குத் துறையில் அந்த மந்தையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். ஹார்லன் ஆசையாக அவளிடமும் படத்தைக் காட்டினார்.

"இது எங்க எடுத்தது?"

"ஆக்ஸ்போவுலதான். நம்ம மேயர் ஓட்டு கேக்கப் போயிட்டான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காரின் முகத்தில் ஈயாடவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுக்காமலே அவரை வெளியே கூட்டிப்போனாள்.

வெள்ளாட்டின் மூக்கிலும் அதே கிருமி குடியிருக்கும் என்றாள். அது வெள்ளாட்டை ஒன்றும் செய்யாதாம், காட்டுச் செம்மறியைத்தான் கொல்லுமாம். ஹார்லனுக்குக் கோபம் வந்தது. மேயர் பிறந்ததிலிருந்து ஒரு தும்மல் தும்மியதில்லை, என்னைவிட அவன் ஆரோக்கியம் என்று கத்தினார். அவள் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து நான்கு ஆடுகளின் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துப்போனாள். மேயர் அவள் சட்டைப் பொத்தானைத் தின்னப் பார்த்தது.

பரிசோதனை முடிவு வருவதற்குள் மலையிலிருந்து சேதி வந்துவிட்டது. முதல் பனி விழுந்த வாரம், ஆடுகள் இருமுகின்றன என்று யாரோ துறைக்குச் சொன்னார்கள். காரினும் ஹார்லனும் ஏறினார்கள். கல்சரிவில் ஆடுகள் கண்ணில் படுவதற்கு முன்பே இருமல் கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்பது மாதிரியே இருந்தது. பெரிய கிடா ஒன்று தன் கொம்பின் கனத்தைத் தூக்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ஆளைக் கண்டும் ஓடவில்லை. முன்னங்கால் மடிந்து, மூக்கைப் பனியில் குத்திக்கொண்டு கிடந்த பெட்டை ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்த ஒன்றைக் காரின் அறுத்துக் காட்டினாள். பஞ்சு மாதிரி இருக்கவேண்டிய நுரையீரல் ஈரலைப்போலக் கறுத்துக் கனத்திருந்தது. வாழ்நாள் முழுக்க வேட்டை இறைச்சி அறுத்த ஹார்லன் அதைப் பார்த்ததும் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

செத்த ஆடுகளின் நெஞ்சில் இருந்ததும் மேயரின் மூக்கில் இருந்ததும் ஒன்றேதான் என்று முடிவு வந்தது. அதைச் சொல்லக் காரின் நேரில் வந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே போய்த் துப்பாக்கியோடு வந்து தொழுவத்தைத் திறந்தார்.

"அவனைச் சுட்டா செத்தது எழுந்து வருமா, ஹார்லன்? அவனா மலைக்கு வழி கேட்டுப் போனான்?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. மேயர் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டு வந்து அவர் கோட்டில் மூஞ்சியைத் தேய்த்தது. ஹார்லன் துப்பாக்கியை வைக்கோலில் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்த பிறகு, மிச்சமாவது பிழைக்குமா என்று கேட்டார். பாதிக்குமேல் போய்விட்டது, இதுவரை தாங்கிய பெட்டைகள் பிழைத்துக்கொள்ளும் என்றாள் காரின். அதற்குமேல் ஒன்று இருந்தது. அதை அந்த நிலையில் அவரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

பிழைத்துக்கொள்ளும் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹார்லன் குளிர்காலத்தைத் தள்ளினார். கோடை பிறந்ததும் காரினை இழுத்துக்கொண்டு மலையேறி, எதிர் முகட்டில் தொலைநோக்கியை நிறுத்தினார். பெட்டைகள் மினுமினுப்பாக மேய்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் குட்டிகள் பாறைக்குப் பாறை தாவின. ஹார்லனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரினின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா? எல்லாம் பால் குடிச்சு ஊட்டமா இருக்கு. இன்னும் நாலு வருஷத்துல மலை நிறைஞ்சிடும்."

அப்போது ஒரு குட்டி தாவலை நிறுத்தி, முதுகை வளைத்து இருமியது. அடுத்து இன்னொன்று.

"ஹார்லன், பிழைச்ச தாய்ங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூக்குல அது தங்கிடும். குட்டிங்க தாய்கிட்டதான வளரணும்? அங்கேயே தொத்திக்கும். இந்த வருஷக் குட்டி ஒண்ணுகூட நிக்காது."

"அடுத்த வருஷம்?"

"அதுவும் சந்தேகந்தான்."

"அதுக்கடுத்த வருஷம்?"

காரின் குறிப்பேட்டை எடுத்து, இருமிய குட்டிகளை எண்ணிக் குறித்தாள்.

ஹார்லன் மறுபடியும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். இருமிய குட்டி தள்ளாடித் தாயிடம் போய் மடியை முட்டியது. தாய் திரும்பி அதன் முகத்தை நக்க ஆரம்பித்தது.

"நக்காதடி," என்றார் ஹார்லன், கெஞ்சுகிற குரலில். "அம்மா, தாயே, கொஞ்சம் தள்ளிப் போயேன்."

இடையே ஒரு பள்ளத்தாக்கு கிடந்தது. தாய் ஆடு குட்டியின் மூக்கைச் சுத்தமாக நக்கி முடித்துவிட்டு, வாகாகக் காலை அகட்டிப் பால் கொடுத்தது.