மூன்றாவது வெந்நீர்

பாட்டி காலை ஆறரை மணிக்கு இறந்துபோனார். ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, இன்றைக்கு வர முடியாது, என் ஷிப்டை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொன்னேன். எக்ஸ்ரே அறையில் என்னோடு வேலை செய்கிறவள், குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, சளியா என்று கேட்டாள். பாட்டி போய்விட்டார் என்றேன். அவள்தான் அழுதாள். நான் பல் தேய்க்கப் போனேன்.

மாலை நான்கு மணிக்கு சர்ச்சில் ஆராதனை என்று பாஸ்டர் வந்து முடிவு செய்தார். பத்து மணிக்குப் பெட்டிக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து பாட்டியின் அறையில் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு ஸ்டூல்களின் மேல் வைத்துவிட்டுப் போனார். மாமா ஹாலில் உட்கார்ந்து, ஆராதனையில் வாசிப்பதற்கான வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்கினார். எல்லாம் அதனதன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. நடக்காமல் நின்றது ஒன்றுதான். பாட்டியை யார் குளிப்பாட்டுவது?

இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். சிக்கலே பாட்டிதான். எங்கள் சபையில் ஐம்பது வருடங்களுக்கும் மேலாக எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டி, தலைவாரி, நகம் வெட்டி, வெள்ளை அங்கி போட்டுப் பெட்டியில் கிடத்தியது பாட்டிதான். முதலில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒரு அம்மாள் ஏதோ தொற்று நோயில் இறந்துபோனபோது, சொந்தக்காரர்கள் உட்பட எல்லோரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். பாட்டி சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அது அவர் வேலை ஆகிவிட்டது. தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் பகலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் துணி வெளுக்கும் வேலை. ஆள் வந்து சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார்.

இதைப் பெரிய ஊழியம் என்று யாராவது புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "ஆண்டவர் சீஷர்களோட காலைக் கழுவினார். நான் மிச்சத்தையும் சேர்த்துக் கழுவறேன், அவ்வளவுதான்" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

மாமா எழுதியதை என்னிடம் வாசித்துக் காட்டினார். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், பெற்ற பிள்ளைகள் இரண்டு, பேரப்பிள்ளைகள் மூன்று. பிறகு, 'எண்ணற்ற சகோதரிகளை அன்போடு வழியனுப்பி வைத்தார்' என்று ஒரு வரி. பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்த மாதிரி இருக்கிறது மாமா என்றேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பாட்டி செத்த அன்றைக்குமா உனக்குக் கிண்டல் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கும் அதே கேள்விதான். காலையிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது பாட்டியின் அறைக்குள் போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். முகம் அப்படியே இருந்தது. நானும் அப்படியே இருந்தேன்.

பாட்டிக்கும் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் முப்பத்திரண்டு வருடம் இருந்திருக்கிறோம். என் பரீட்சைக்கு, என் வேலைக்கு, என் காய்ச்சலுக்கு, எல்லாவற்றுக்கும் ஜெபித்தார். மற்ற வீட்டுப் பாட்டிகள் பேத்தியின் தலையில் கையை வைத்து ஜெபிப்பார்கள். எங்கள் பாட்டியின் கை என் தலைக்கு ஒரு விரற்கடை மேலேயே நிற்கும். இறங்காது. அது அவருடைய ஜெப முறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க என்னிடமே வந்தார். தோளைப் பிடித்துத் திருப்பப் போனேன். "எப்படி நிக்கணும்னு சொல்லும்மா, நானே நின்னுக்கறேன்" என்றார். நானும் எல்லாருக்கும் சொல்கிற மாதிரி சொன்னேன். இப்படி ஒரு பேஷண்ட் கிடைத்தால் வேலை எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு சந்தோஷப்பட்டேன்.

பத்தரை மணிக்குத் தையல்காரம்மா இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் போகிறவர்களுக்கான அங்கியை இவர்தான் தைப்பார். இருபது வருடமாகப் பாட்டிக்குக் கையாள். வந்தவுடன் வெந்நீர் வைக்கச் சொன்னார். ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்து, பதமாக விளாவி, அறையில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் அவர் ஆரம்பிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினார், துண்டுகளை மடித்து வைத்தார், பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அம்மாவைக் கூப்பிடு" என்றார்.

பாட்டி போன மாதமே அவரிடம் சொல்லியிருந்தாராம். தன்னை மகள் குளிப்பாட்ட வேண்டும். அவளுக்கு மனசில்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது, நீங்களே செய்துவிடுங்கள். மகளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

அம்மா சமையலறையில் இருந்தாள். என் அம்மா கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவள். எந்தக் காகிதமும் அவள் மேஜையில் ஒரு நாளுக்கு மேல் கிடந்ததில்லை என்பது அவளுக்குப் பெருமை. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். முடியாது, அவர்களையே செய்யச் சொல் என்றாள். சொல்லிவிட்டு ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தாள். தையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவசரமில்லை, இருக்கட்டும் என்றார். மாமா வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர் ஆறிப்போனது. கொட்டிவிட்டு இரண்டாவது முறை வைத்தேன். அதுவும் ஆறியது.

மூன்றாவது முறை பாத்திரத்தை அடுப்பில் வைத்தபோது மணி பன்னிரண்டரை. எனக்கு எரிச்சலாக இருந்தது. துக்கம் வராத இடத்தில் எரிச்சலாவது வந்ததே என்று ஒரு திருப்தி.

"உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று அம்மாவைக் கேட்டேன். "பயமா, அருவருப்பா? சொல்லிடு. நான் போய்ப் பண்றேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, உங்க அம்மா பிணம் கழுவுகிறவளா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பாட்டி எங்கேயோ போய்ச் செய்துவிட்டு வந்து, குளித்து, சோறு பிசைந்து ஒரு வாய் ஊட்ட வந்திருக்கிறார்.

"பொணத்தைத் தொட்ட கையால என்னைத் தொடாதேன்னு சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். உருண்டையைத் தட்டுல வெச்சிட்டுப் போய் ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வந்தாங்க. சரிம்மா, தொடலைன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டேன்.

"இன்னிக்கு வரைக்கும்" என்றாள் அம்மா.

தலையைச் சீப்பால் வாரிவிடுவாராம், விரல் படாமல். காய்ச்சல் வந்தால் ஈரத் துணியை நெற்றியில் போடுவார், கையை வைத்துப் பார்க்கமாட்டார். மாமாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சுவார். அம்மா எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மாவின் கல்யாணத்தில் போட்டோ எடுப்பவர் இன்னும் கிட்டே வாங்க, இன்னும் கிட்டே வாங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாராம்.

"நீ பொறந்தப்போ வார்டு வாசல்ல வந்து நின்னாங்க. தூக்கிக்கோங்கன்னு நான் சொல்லணும்னு அவங்க நின்னாங்க. அவங்களா வந்து தூக்கட்டும்னு நான் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு நர்ஸ் உன்னைத் தொட்டில்ல போட்டுட்டா."

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அடுப்பைக் குறைக்கத் தோன்றவில்லை. நான் என் முப்பத்திரண்டு வருடத்தையும் மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அவர் என்னைத் தூக்கியதாக, அணைத்ததாக, காதைத் திருகியதாகக்கூட ஒரு ஞாபகம் இல்லை. அதிகம் கொஞ்சாத சுபாவம் என்று நானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். யார் யாரோ வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நகம் வெட்டிவிட்ட கை அது. சாயங்காலம் சர்ச்சில் பாஸ்டர் அவருடைய தாழ்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசப்போகிறார் என்பது நினைவு வந்தது.

"இது தாழ்மை இல்லம்மா, வீம்பு" என்றேன். "ஒன்பது வயசுப் பிள்ளை ஏதோ சொல்லிச்சுன்னு ஐம்பது வருஷம் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்களா?"

"வீம்புதான்" என்றாள். "எனக்கு மட்டும் என்ன? ஐம்பது வருஷத்துல ஒரு நாள், அம்மா தொடுங்கன்னு சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. தினமும் நாளைக்குச் சொல்லலாம்னு நெனைச்சுக்குவேன். நேத்து ராத்திரிகூட."

அதற்குள் தையல்காரம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். நேரமாகிறது, இனிமேல் உடம்பு தாங்காது, நாங்களே பண்ணிவிடட்டுமா, நீ சரி என்றால் போதும் என்றார். அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அம்மா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம் இல்ல?" என்று அவரைக் கேட்டாள்.

"கேட்டிருக்கலாம்தான். நீ மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்னு சொன்னாங்க."

பாட்டிக்குப் பயமா என்று நான் நினைத்தேன். தொற்று நோய் வீட்டுக்குள் தனியாகப் போனவர். அம்மா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை அவளே இறக்கி, பதமாக விளாவித் தூக்கினாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள்.

அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். தையல்காரம்மா துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தார். பாட்டி யாரையும் சொல்லாமல் தொடமாட்டார், கையைத் தூக்கப் போகிறேன், முதுகைத் துடைக்கப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் இறந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார் என்று மெதுவாகச் சொன்னார். நான் எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன். ஆனால் நான் சொல்வது படம் கலங்காமல் வருவதற்காக.

அம்மா வாயைத் திறந்தாள். அம்மா என்றாள். அதற்கு மேல் வரவில்லை. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடி சொன்னாள்.

"அம்மா, தொடறேன்."

நெற்றியில் கையை வைத்தாள். அதன்பிறகு அவள் கை நிற்கவில்லை. முகம், காதுமடலின் பின்பக்கம், கழுத்து, விரல் இடுக்குகள் என்று ஆபீஸ் வேலை செய்கிற அதே கறாரோடு செய்துகொண்டே போனாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். வலது கை. இடது கை. கொஞ்சம் திரும்புங்க. அழுதபடியே செய்தாள், ஆனால் அழுகைக்காக எதையும் நிறுத்தவில்லை. நான் தண்ணீர் மாற்றினேன், துண்டு கொடுத்தேன். அங்கியின் பின்பக்கத்துக் கயிற்றைத் தையல்காரம்மா கட்டினார். பாட்டியின் அளவுக்கு எப்போதோ தைத்து வைத்திருந்த அங்கி. இப்போது தொளதொளவென்று இருந்தது.

பெட்டியில் கிடத்த நான்கு பேர் வேண்டும். "நீ ஆஸ்பத்திரிக்காரிதானே, தோள் பக்கம் பிடி" என்றார் தையல்காரம்மா. கால் பக்கம் அவரோடு வந்த பெண். நடுவில் எதிரெதிரே அம்மாவும் தையல்காரம்மாவும். நான் குனிந்து பாட்டியின் தோள்களுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்தேன். தினமும் எத்தனையோ பேருக்கு இப்படிக் கொடுக்கிறேன், ஒன்றும் தோன்றாது. பாட்டியின் தலை என் முழங்கையில் வந்து சாய்ந்தது. அவரை இதுவரை நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் வெறும் தகவலாக இல்லாமல் கையில் கனத்தது. எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேர் மேலும், ஒரேயடியாக. ஒருத்தர் பெட்டிக்குப் போகிறார், ஒருத்தி எதிரில் நிற்கிறாள், யாரிடம் சண்டை போடுவது.

தூக்கிக்கொண்டு நகர்ந்து பெட்டிக்கு மேலே வந்தோம். வாசலில் மாமா யாரோடோ பேசுவது கேட்டது. இறக்கலாமா என்று தையல்காரம்மா கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அம்மா.

நான்கு பேரும் பாட்டியைக் கையில் ஏந்தியபடியே நின்றோம். எனக்குக் கை கடுக்க ஆரம்பித்தது. இறக்கலாம் என்று நானும் சொல்லவில்லை.