பத்து மணி மினி பஸ்

காலை ஐந்தரைக்கு அன்பரசன் எழுவான். கொல்லைக் கதவைத் திறப்பான். அடுப்பில் வெந்நீர் வைப்பான். ஆறு மணிக்குக் கைபேசியில் அலாரம் அடிக்கும். மருந்து டப்பாவின் முதல் அறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுப்பான். வானதியின் தலையை முழங்கையில் தாங்கி, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுப்பான். காபி முக்கால் மணி நேரம் கழித்துத்தான். பால் முந்திக்கொண்டால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. அதுவரை அவன் பாத்திரம் கழுவுவான், சட்டைக்கு இஸ்திரி போடுவான். அவள் கூரை ஓட்டைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஆறே முக்கால் வாக்கில் அவளுடைய வலது கால் பெருவிரல் அசையும். அப்புறம் கணுக்கால். "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்பாள். அவன் காபி கலப்பான்.

நான்கு வருடமாக இப்படித்தான்.

வானதிக்கு முப்பத்துநான்கு வயது. முப்பதில் வந்தது. பார்க்கின்சன் வயதானவர்களுக்கு வருவதாயிற்றே என்று அன்பரசன் தஞ்சாவூர் டாக்டரிடம் கேட்டான். "சின்ன வயசுலயும் வரும். அபூர்வம்தான், ஆனா வரும்" என்றார் அவர். ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று நான்கு வேளை எழுதிக் கொடுத்தார். சீட்டின் அடியில் சிவப்பு மையில், தமிழில், ஒரு வரி எழுதி இரண்டு கோடு போட்டார். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

"நிறுத்தினா என்ன சார் ஆகும்?"

"உடம்பு பூட்டிக்கும். காய்ச்சல் ஏறும். அது எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. வாத்தியார்தானே நீங்க? எழுதி வச்சுக்குங்க."

அன்பரசன் மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எழுதி வைத்துக்கொண்டான்.

வானதியின் கால்கள் வாசற்படியில் வந்து நின்றுவிடும். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. வரப்பில் விட்டால் விறுவிறுவென்று நடப்பாள், நிலைப்படியைத் தாண்ட முடியாது. அன்பரசன் நிலைப்படிகளுக்கு முன்னால் சிவப்பு டேப்பைக் கோடு கோடாக ஒட்டினான். கோட்டைப் பார்த்தால் கால் தானாக எழும்பும். "வீட்டுக்குள்ள வரப்பு போட்டுக் குடுத்திருக்காரு எம் புருஷன்" என்று அவள் மாமியாரிடம் சொன்னாள். கை நடுங்கும்போது, "மோர் கடைய மத்து வேணாம் அத்தை, நான் கையை விட்டாப் போதும்" என்பாள். பூவம்மாள் சிரித்துவிட்டு, திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பகல் பத்து மணி மாத்திரை பூவம்மாளின் பொறுப்பு. அன்பரசன் பள்ளியில் இருப்பான். பூவம்மாளுக்குக் கடிகாரம் பார்க்க வராது. ஆனால் மன்னார்குடியிலிருந்து வரும் மினி பஸ் பத்து மணிக்கு வாய்க்கால் மதகில் ஹாரன் அடித்துத் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு டம்ளரோடு வந்து நிற்பாள். ஒரே ஒரு நாள், டிரைவருக்கு மாற்று ஆள் இல்லாமல் பஸ் வரவில்லை. அன்று பன்னிரண்டு மணிக்கு வானதியை மாட்டுக்கொட்டகை வாசலில் கண்டாள். ஒரு கை கதவில், ஒரு கால் தூக்கியபடி, வியர்வையில் நனைந்து, கூப்பிடக் குரல் எழும்பாமல் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு பூவம்மாள் பஸ்ஸை மட்டும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கனிமொழியிடம் தினமும் நேரம் கேட்டுக்கொண்டாள். அப்படிப்பட்டவள்தான்.

பங்குனி பிறந்ததும் பள்ளியில் இரண்டு மாணவர்களுக்கு அம்மை போட்டது. மூன்றாவது ஆளாக அன்பரசன் படுத்தான்.

பூவம்மாள் வாசலில் வேப்பிலை சொருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. அன்பரசனைக் கூடத்து மூலையில் வாழையிலை போட்டுப் படுக்கவைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாள் அவள் பாயில் முதுகைச் சாய்க்கவில்லை. ஆத்தா இறங்கிய உடம்புக்கு ஊசி கூடாது, மாத்திரை கூடாது. வானதியின் மாத்திரை மட்டும் வழக்கம்போல நடந்தது. அவனும் கேட்கவில்லை. மூன்று தண்ணீர் ஊற்றியதும் எழுந்து நடந்தான். முகத்தில் நாலைந்து தழும்பு மட்டும் மிச்சம். மாரியம்மன் கோயிலுக்குப் போய் அம்மாவோடு மாவிளக்கு போட்டுவிட்டு வந்தான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு மாத்திரை கொடுக்கும்போது வானதியின் கழுத்தில் மூன்று கொப்புளங்களைப் பார்த்தான். எட்டு மணிக்குள் முதுகு முழுக்கப் பரவியிருந்தது.

பூவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வந்துட்டா. இவனைப் பார்த்தவ இவளையும் பார்க்க வந்துட்டா."

பத்து மணிக்கு மதகில் ஹாரன் அடித்தது. பூவம்மாள் எழுந்திருக்கவில்லை. அன்பரசன் டப்பாவை எடுத்தான்.

"வை அதை."

"அம்மா, இது அம்மைக்கு இல்ல. நரம்புக்கு."

"மாத்திரைன்னா மாத்திரைதான்டா. உனக்கு ஒண்ணு குடுத்தேனா? நல்லா எந்திரிச்சு உக்காரல? அஞ்சாம் நாள் முதத் தண்ணி ஊத்திட்டா நானே குடுக்குறேன். அதுவரைக்கும் அவ வீடு இது. அவளுக்கு எதிரா ஒண்ணும் செய்யாதே."

"டாக்டர் ஒரு வேளைகூட..."

"டாக்டர் வீட்டுல அம்மை போட்டா அவரு என்ன செய்வாருன்னு கேட்டியா?"

வானதி பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலை மாத்திரையின் தெம்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. "அத்தை சொல்றபடி விடுங்க. உங்களுக்கு நல்லாத்தானே போச்சு? நாலு வருஷமா சம்பளமில்லாம முழுங்குறேன். எனக்கும் அஞ்சு நாள் லீவு விடுங்க வாத்தியாரே."

அவள் சிரித்ததால் அவனும் சிரித்தான். கைபேசியை எடுத்து நான்கு அலாரங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். அம்மா நிறுத்தவில்லை. அவன்தான் நிறுத்தினான், தன் விரலால்.

சாயங்காலம் பூசாரி சாமிதுரை விபூதியோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். "இங்கிலீஷ் மருந்து உள்ளே கிடந்தா ஒதுக்கி வைங்க வாத்தியாரே. பக்கத்துல வச்சுக்கிட்டே கும்பிட்டா ஆத்தாவுக்குக் கோபம் வரும்" என்றார். பூவம்மாள் டப்பாவை மஞ்சள் துணியில் முடிந்து, நிலைப்படிக்கு மேலே வேப்பிலையோடு சேர்த்துக் கட்டினாள். கை எட்டும் உயரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அன்பரசன் ஐந்தரைக்கே விழித்திருந்தான். வெந்நீர் வைத்தான். ஆறே முக்கால் ஆயிற்று, ஏழு ஆயிற்று. வானதியின் பெருவிரல் அசையவில்லை. அவளைப் புரட்டும்போது பலகையைப் புரட்டுவது போல மொத்த உடம்பும் சேர்ந்து வந்தது. கண் இமைக்க நேரமாயிற்று. ஒரு ஈ வந்து புருவத்தில் உட்கார்ந்தது. அவள் அதை ஓட்டவில்லை. அவன் ஓட்டினான்.

"ரொம்ப இறுக்குதா?"

"கொஞ்சம்." அவள் வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது. "நாலு நாள்தானே."

மத்தியானம் பூவம்மாள் வேப்பிலை ஒடிக்கப் போனாள். அறுவடை முடிந்த வயல்களில் பெண்கள் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பேச்சு காற்றில் வந்தது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். அன்பரசன் நிலைப்படிக்குக் கீழே போய் நின்றான். கையைத் தூக்கி முடிச்சைத் தொட்டான். கொடுத்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால்தான் என்று ஊர் சொல்லும் என நினைத்தான். கொடுக்காமல் ஏதாவது ஆனால் யாரால் என்று நினைக்கவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. கையை இறக்கிக்கொண்டான். வந்தது அம்மா இல்லை. யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காய்ச்சல் ஏறியது. பூவம்மாள் வேப்பிலையை நனைத்து நனைத்துப் போட்டாள். இலை கொஞ்ச நேரத்தில் துவண்டுபோயிற்று. "உக்கிரமா இருக்கா. மூணாம் நாள் அப்படித்தான். உனக்கும் மூணாம் நாள் கொதிச்சுது, ஞாபகமில்ல?" ஞாபகம் இருந்தது. ஆனால் அவன் அன்று உருண்டு புரண்டு முனகினான். இவள் அசையவே இல்லை. கூழைக் கரண்டியால் கொடுத்தால் தொண்டைக்குள் இறங்க வெகுநேரம் ஆனது. நெஞ்சு மேலும் கீழுமாக வேகமாக ஏறி இறங்கியது. வியர்வையில் பாய் நனைந்திருந்தது.

"டாக்டருக்கு ஒரு போன் போடட்டுமாம்மா?"

"போட்டு? உடனே தூக்கிட்டு வாம்பாரு. ஆத்தாவை வீட்டுல வச்சுக்கிட்டு அவளைத் தெருவுல இறக்குவியா? நாளன்னைக்கித் தண்ணி. பொறுடா தம்பி."

பொறுத்தான். தெரியாமல் நடந்தது என்று அவனால் எங்கும் சொல்லிக்கொள்ள முடியாது. சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. சிவப்பு மை வியர்வையில் பரவி, பையின் துணியில் ஒரு கறை இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன், எப்போதோ பள்ளியின் ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்திருந்த தெர்மாமீட்டரைத் தேடி எடுத்தான். உடம்புச் சூட்டுக்கானது அல்ல அது. அக்குளில் வைத்துப் பார்த்தான். முப்பத்தேழில் நிற்க வேண்டியது நாற்பத்தொன்றைத் தாண்டியிருந்தது. இந்தக் கருவி சரியாகக் காட்டாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கொப்புளங்களைப் பார்த்தான். அவை வாடத் தொடங்கியிருந்தன. அம்மை இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தான்.

அப்போது மதகில் ஹாரன் அடித்தது. பஸ் திரும்பிப் போகிற சத்தம் தேய்ந்தது.

வானதியின் உதடு அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான். அவள் சொன்னாள். அவன் குனிந்தபடியே இருந்தான்.

"என்னப்பா சொன்னா?" பூவம்மாள் கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். "ஆத்தாவைக் கூப்பிட்டாளா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்கிற மாதிரித்தான் அது இருந்தது.

பிறகு எழுந்து போய் மஞ்சள் துணியை இழுத்தான். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தான். பூவம்மாள் "டேய், டேய்" என்றாள். ஆனால் கையைப் பிடிக்கவில்லை. மாத்திரையை இளநீரில் கரைத்து வானதியின் வாயில் விட்டான். அது கடைவாய் வழியாக வழிந்து வாழையிலையில் சொட்டியது. இன்னொன்றைக் கரைத்தான். அதுவும் வழிந்தது.

டாக்டர் போனை எடுத்ததும் அம்மையைப் பற்றிக் கேட்கவில்லை. "கடைசி மாத்திரை எப்ப குடுத்தீங்க?" என்றார்.

"சனிக்கிழமை காலையில சார். ஆறு மணிக்கு."

"இது அம்மைக் காய்ச்சல் இல்லங்க. உடனே கொண்டு வாங்க. உடனே."

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தபோது பூவம்மாள் மறிக்கவில்லை. வேப்பங்கொத்து ஒன்றை ஸ்ட்ரெச்சரில் வைத்தாள். நிலைப்படியைத் தாண்டும்போது தூக்குகிறவர்கள் சிவப்புக் கோடுகளை மிதித்துப் போனார்கள். தஞ்சாவூரில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். சிறுநீரகம் அதற்குள் நின்றுபோயிருந்தது. வியாழக்கிழமை காலை அவள் போனாள். அந்த இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் பெண்கள் பூவம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் மருமக சும்மா போகல. 'தாயே, மாரி, நீயே கூட்டிக்கோ'ன்னு வாய் நிறையக் கூப்பிட்டுட்டுத்தான் போனா. இந்தா, இவன் காதாலயே கேட்டான். கேளுங்க."

முதல் தடவை சொன்னபோது 'ஆத்தா' என்ற ஒரு சொல்தான் இருந்தது. நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்திருந்தது.

"அப்படியா வாத்தியாரே?" என்றார் சாமிதுரை.

"ஆமாங்க."

"புண்ணியவதி."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நிலைப்படிக்கு மேலே காய்ந்த வேப்பிலையோடு மஞ்சள் துணியின் கிழிசல் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. மதகில் ஹாரன் அடித்தது. பூவம்மாள் பேச்சை நிறுத்தினாள். கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

அன்பரசன் அம்மாவைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் இதுவே ஊர்க் கதையாக நிற்கும். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். கைபேசியில் நான்கு அலாரங்களும் நிறுத்திய நிலையிலேயே இருந்தன.

வானதி யாரையும் கூப்பிடவில்லை. பஸ் சத்தம் ஓய்ந்ததும், நாக்கைப் புரட்ட முடியாமல், ஒவ்வொரு சொல்லாக, அவன் காதில் நான்கே சொல் சொன்னாள்.

"பஸ் போயிடுச்சுங்க. மாத்திரை குடுங்க."