நுவாங் மலையின் இரண்டாம் முகடு

கோலாலம்பூர் மாநகரத்து வானளாவிய மாடங்கள் தம் விளக்குகளை அவித்து விடியலுக்கு வழிவிட்ட வேளையில், உலு லங்காட்டுப் பள்ளத்தாக்கின் கீழ்த்திசையிலே, முகில்களைத் தோளில் போர்த்தி, ஓடைகளின் ஒலியை மடியில் தாங்கி, நீலம் கலைந்து பச்சை துலங்க நின்றது நுவாங் மலை. அதன் அடிவாரத்துச் செம்மண் வழியில் மூவர் நடந்தனர். முன்சென்றவர், இம்மலையை ஆறுமுறை வென்றவரெனப் பிரிக்பீல்ட்சு நண்பரிடையே பெயர்பெற்ற சிவநேசன். ஷா ஆலம் தொழிற்சாலையொன்றின் மேற்பார்வையாளர். பின்வந்தோர், கிள்ளானில் பல் மருத்துவம் புரியும் சந்திரகலாவும் அவள் தோழி ஷார்மைனும்.

கண்ணில் பட்ட எதையும் காரணமறியாமல் கடந்துபோகாத இயல்பினள் சந்திரகலா. காலணிமேல் ஊரும் அட்டை மனித வாடையை எங்ஙனம் உணர்கிறது, காற்றில்லாத இடத்தும் மூங்கில் ஏன் முனகுகிறது என்று வினவியவாறே, வேர்களைப் படியாக்கி, கொடிகளைப் பற்றுக்கோடாக்கி, ஐந்து மணிநேரம் ஏறினாள். நண்பகலில் ஒரு முகட்டை அடைந்தனர்.

"வந்துட்டோம். இதான் உச்சி. சாப்புட்டுட்டு இறங்கலாம்," என்று சிவநேசன் முதுகுப்பையை இறக்கினார். வென்றவர் குரலில் இருக்கவேண்டிய மகிழ்ச்சி அக்குரலில் இல்லாதது அவளுக்கு வியப்பளித்தது. அந்நேரம் காற்று மூடுபனியை விலக்க, எதிரே ஒரு பள்ளத்துக்கு அப்பால், இதனினும் உயர்ந்த முகடொன்று வெளிப்பட்டது.

"அண்ணே, அப்ப அது என்ன மலை?"

குற்றஞ்சாட்டும் வினாவன்று அது. பெயர் தெரியாத பறவையைச் சுட்டிக் கேட்பது போன்றது. அதனாலேயே சிவநேசனால் அதற்குப் பொய்யுரைக்க இயலவில்லை. அம்முகட்டை நோக்கியவாறே பேசினார்.

"அதான் நுவாங் உச்சி, கலா. மொத தடவ வந்தப்ப இதையே உச்சின்னு நெனச்சி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சிச்சி. மாத்திச் சொல்ல வாய் வரல."

"அதுக்கப்புறம் அஞ்சு தடவ வந்தீங்களே? ஏன் போகல?"

"போகணும்னுதான் வருவேன். இங்க வந்ததும் கால் நின்னுடும். அங்க ஏறிட்டா, இதுவரைக்கும் ஏறலன்னு ஆயிடும் லா."

வலித்த முழங்காலைத் தடவியவாறு கேட்டிருந்த ஷார்மைன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணிக்கு இறங்கணும். மழ வேற வருது. போறதுன்னா இப்பவே போகணும், அண்ணே."

சிவநேசன் எழுந்தார். பள்ளத்தில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அதுகாறும் வழிகாட்டியவர், அறியாத வழியாதலால், இப்போது சந்திரகலாவின் பின்னே நடந்தார். செங்குத்தான பாறையில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி ஏறினார். இருமுறை வழுக்கி விழுந்தார். இருமுறையும் மேல்நோக்கியே எழுந்தார்.

உச்சியில் செலாயாங்கிலிருந்து வந்திருந்த திருச்செல்வம் என்பவர், தம் கூரைத்துணியின் கீழ் மூவருக்கும் இடமளித்துச் சூடான தேநீர் ஊற்றினார்.

"பாஸ், இது எத்தனாவது தடவ?"

பொதுவாகக் கேட்கப்படும் கேள்விதான். சந்திரகலா, அன்று வேறெதனையும் நோக்கியிராத ஆவலோடு சிவநேசனின் முகத்தை நோக்கினாள். அவர் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மொத தடவ."

"பரவால்ல, நல்லா ஏறிட்டீங்க," என்றார் திருச்செல்வம்.

முகில் மூடியிருந்தமையால் அவ்வுச்சியிலிருந்து நகரமோ பள்ளத்தாக்கோ எதுவுமே தென்படவில்லை. பிறரை ஏமாற்ற எண்ணாமலே தொடங்கி, திருத்தத் துணியாமையால் மட்டுமே பொய்யாகிப்போன சொல்லை ஒருவர் எத்துணை ஆண்டுகள் சுமக்கக்கூடும் என்பதையும், அதை இறக்கிவைக்க எத்துணைச் சிறுபொழுது போதும் என்பதையும், அறிவுடையீர், அம்மலை அன்று கண்டது. மழையோ யாதொன்றும் அறியாததுபோல் பெய்துகொண்டிருந்தது.