கட்டிலுக்கடியில் கருகிய விரிப்புகள்

என் அக்காவைக் கண்டால் தெருவில் உள்ளவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. "கண்ணு தெரியாட்டியும் குடும்பமே உசிருன்னு வாழுது, தெய்வம்!" என்பார்கள். தெய்வத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். என் வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்காமலே வெளியே வந்தால் பிடித்துவிடுவாள். என் மகள் போனில் குசுகுசுத்தால், அந்தப் பக்கம் பேசியவன் எப்படிப்பட்டவன் என்று சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். யாருக்காவது லேசாகத் தும்மல் வந்தால் போச்சு, மூன்று கம்பளிக்கு அடியில் போட்டு அமுக்கிவிடுவாள். அவள் பாசத்திலிருந்து தப்பித்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அக்காவின் வேலை. பக்கத்து மேசையில் அவளுடைய சிநேகிதி இஸ்திரி போடுவாள். நாங்கள் கூப்பிடுவதும் அவளை இஸ்திரி என்றுதான். புருஷன் போனபிறகு ஒண்டியாக இருப்பவள், வாய் மட்டும் ஒன்பது பேருக்கு உண்டு. அவள் தேய்த்துத் தள்ளுவாள், அக்கா வாங்கி மடிப்பாள். நடுவில் இருவரும் ஊர் வம்பு முழுவதையும் அலசிப் பிழிந்து காயப்போடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. இழுத்துப் பார்த்தால் ஒரு மூட்டை. உள்ளே ஓட்டல் விரிப்புகள். ஒவ்வொன்றிலும் இஸ்திரிப் பெட்டியின் அச்சு, பழுப்பாகக் கருகிக் கிடந்தது.

"என்னக்கா இது, ஓட்டல்ல திருட ஆரம்பிச்சிட்டியா?"

"திருடுறவ நல்லதா எடுக்க மாட்டாளா? போயும் போயும் கருகினதையா எடுப்பா?" என்றாள். பிறகு குரலை இறக்கி விஷயத்தைச் சொன்னாள்.

இஸ்திரிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. துணியின் ஓரம் தெரியாமல் பெட்டியை அதன் மேலேயே வைத்துவிடுகிறாள். கருகின இடம் அக்காவின் கையில் சொரசொரவென்று தட்டுப்படும். சத்தம் காட்டாமல் பைக்குள் திணித்துக்கொள்வாள். வாசல் காவலாளி எல்லோர் பையையும் குடைவான், அக்கா பையை மட்டும் தொடமாட்டான். பாவமாம்.

போன மாதம் அக்காவே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, ஒன்று போனது போனதுதான், மற்றதை உடனே ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம் என்றாராம் டாக்டர். இஸ்திரியோ, லீவு கேட்டால் குட்டு வெளிப்பட்டு வேலை போய்விடும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட நீயே சொல்லிடு" என்றேன்.

"காட்டிக் குடுக்கச் சொல்றியா? அவ என் சிநேகிதிடி!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்போ அவ கண்ணையும் மூட்டை கட்டி உன் கட்டிலுக்கடியில வச்சுக்கோ" என்றேன்.

நான் பெருக்கி முடித்துக் குப்பையை அள்ளும்போது அக்கா சொன்னாள்.

"சின்ன வயசுல நான் சுவர்ல முட்டிக்கிட்டே திரிவேனாம். அம்மா எல்லார்கிட்டயும், வாலு, ஒரு இடத்துல நிக்கமாட்டான்னு சொல்லிச் சமாளிச்சா. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு பயம். டாக்டர்கிட்ட கொண்டு போனப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. அம்மாவுக்கு என்மேல உசிரு. அந்த உசிருதான் என் கண்ணைக் குடிச்சுது."

மறுநாள் காலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். அவர் இஸ்திரியை அன்றைக்கே மேசையிலிருந்து விலக்கி, ஆபரேஷனை முடித்துவிட்டு வரச் சொன்னார். அக்காவிடம் மட்டும், "நீங்க போங்கம்மா, பாவம்" என்றாராம். "பாவம் பாக்காதீங்க சார், மறைச்சவ நான்தான், எனக்கும் ரெண்டு திட்டு விடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சலவைக்கூடமே கேட்கும்படி இஸ்திரி கத்தினாளாம். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடி, கபோதி!"

ஆபரேஷன் ஆனது. கட்டுப் போட்ட கண்ணோடு இஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போவாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அன்றைய வம்பை அவிழ்ப்பாள். அந்தப் பக்கமிருந்து ஒரு 'ம்' கூட வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மதிக்காதவகிட்ட எதுக்குக்கா தொண்டத்தண்ணி வத்தக் கத்துறே?"

"சூப்பர்வைசர் சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்ததைச் சொன்னேன்ல, அப்போ மூச்சை அடக்கினா. சிரிப்பு வந்திருக்கு கழுதைக்கு" என்றாள். பஸ் நிறுத்தம் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அந்தக் கண்ணும் போயிருந்தா நான் என்னடி பண்ணுவேன்? பயமா இருக்கு." அக்கா பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கட்டைப் பிரித்த அன்று நாங்கள் போனபோது இஸ்திரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இஸ்திரி மேசை இனிமே எனக்குக் கெடையாதாம்" என்றாள் இஸ்திரி.

"தெரியும்."

"உன்னாலதான்."

"ஆமா, என்னாலதான்."

அக்கா மெதுவாக நடந்துபோய்க் கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இஸ்திரி தலையைச் சாய்த்து அவளை மேலும் கீழுமாக அளந்தாள். "தோள்ல என்னடி இவ்ளோ பெரிய கறை? இந்த லட்சணத்துலயா உன் தங்கச்சி உன்னை ரோட்டுல கூட்டிட்டு வந்தா?"

பார்த்தேன். இருந்தது. அவ்வளவு தூரம் பக்கத்திலேயே நடந்து வந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"எந்தத் தோள்ல?" என்றாள் அக்கா.

"இடது தோள்ல."

"என்ன கலரு?"

"உனக்கு எதுக்குடி கலரு?"

"சொல்லுடி."

"காப்பி கலரு, சனியனே."

அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.