பஞ்ச் மெஷினுக்கு ஒரு பெட்டி

வைரவன் 1997 நவம்பர் பதினோராம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு ஷார்ஜாவில் டூட்டியில் ஏறினான். இருபத்தேழு ஆண்டுகள் ஆகியும் இறங்கவில்லை. அன்று மாலை சைட்டிலிருந்து பஸ்கள் திரும்பியதும், வேலையாட்கள் தங்கும் கேம்ப் வாசலில் இருந்த பஞ்ச் மெஷினுக்கு முன்னால் நானூறு பேர் வரிசையில் நின்று, சுவரில் மாட்டியிருந்த தட்டிலிருந்து அவரவர் கார்டை எடுத்துச் செருகி, மணி அடித்ததும் ரூமுக்குப் போனார்கள். வைரவனின் 4417-ஆம் எண் கார்டு மட்டும் தட்டில் இல்லை. டைம்கீப்பர் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். மெஷின் அதை வாங்கி, ஒன்றும் அச்சடிக்காமல் வெளியே தள்ளியது. வருகைப் பதிவேட்டில் அவன் இறங்கிய நேரத்தைக் கையால் எழுதிப் பார்த்தார்கள். மை காய்வதற்குள் எழுத்து மறைந்தது. வைரவன் கட்டிலில் படுத்தான், தூக்கம் வரவில்லை. சோறு போட்டார்கள், பசிக்கவில்லை. ஒரு மாதமாகியும் தாடி முளைக்கவில்லை. கம்பி கட்டும்போது கட்டைவிரலில் விழுந்த கீறல் ஆறவுமில்லை, பழுக்கவுமில்லை. காக்கிச் சட்டையின் முதுகில் அன்றைய வியர்வை ஈரமாகவே இருந்தது. டூட்டியில் இருப்பவனுக்கு வயது ஏறாது என்பதை ஒரு வருஷத்துக்குள் கேம்பில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

கம்பெனி இன்னும் சீக்கிரமாகவே புரிந்துகொண்டது. பகலில் அவனைக் கம்பி கட்டவிட்டது, இரவில் அதே சைட்டுக்கு வாட்ச்மேனாக்கியது. விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தபோதெல்லாம் ஒரே முடிவுதான் வந்தது. லேப்காரர்கள் பழைய தாளையே நகலெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். 2003-ல் அவனுக்கு லீவு கொடுத்து ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் உட்கார்ந்திருக்கும்வரை பஸ் கிளம்பவில்லை. இறங்கினான், கிளம்பியது. மூன்று பஸ்களில் ஏற்றிப் பார்த்தும் அப்படியே நடந்ததால், டூட்டியில் இருப்பவன் லீவில் போக முடியாது என்று பைலில் குறித்து வைத்தார்கள். தேவகோட்டைப் பக்கத்தில் அவன் மனைவி சுந்தராம்பாளுக்கு அப்போது முப்பத்தொன்று. போனில் படம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகு ஒரு வருஷம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அப்புறம் இனிமேல் குரல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள். மகன் அருள்முருகன் சவூதியிலுள்ள தம்மாமில் வேலைக்குச் சேருமுன் அப்பாவைப் பார்க்க விசிட் விசாவில் வந்தான். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் டீக்கடைக்காரர் யார் இது என்று கேட்டபோது, மகன் ஒரு நொடி யோசித்துவிட்டு அண்ணன் என்றான். வைரவன் மறுக்கவில்லை. ஊர் திரும்பும்வரை மகன் அவனை எதுவும் சொல்லி அழைக்கவில்லை.

2009-ல் முகம் பார்த்து வருகை குறிக்கும் கருவி வந்தது. அது வைரவனைக் கண்டதும் ‘ஏற்கெனவே உள்ளே’ என்று காட்டியது. பஞ்ச் மெஷினைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள். பதினைந்து வருஷம் அது கிரீஸ் டின்களுக்குப் பின்னால் கிடந்தது. 2024-ல் கம்பெனிக்கு ஐம்பது வயது. வேலையாட்கள் ஒருகாலத்தில் எப்படி நேரம் குறித்தார்கள் என்று வருங்காலத் தலைமுறைகள் தெரிந்துகொள்ளட்டும், அந்த மெஷினை ஒரு பெட்டியில் வைத்துப் புதிய தலைமை அலுவலகத்தின் அஸ்திவாரத்தில் புதையுங்கள், 2124-ல் திறக்கட்டும் என்று முதலாளி சொன்னார். பெட்டி செய்யும் வேலை சந்திரகலாவுக்கு வந்தது.

சந்திரகலா கோயம்புத்தூர்க்காரி, உலோகப் பொறியியல் படித்தவள், வயது நாற்பத்தாறு. கணவன் சேதுமாதவனோடும் மகளோடும் அஜ்மானில் குடியிருந்து தினமும் ஷார்ஜாவுக்குக் கார் ஓட்டி வருபவள். மியூசியங்களுக்குப் பெட்டி செய்வதில் அவள் கை தேர்ந்தவள். இந்தப் பெட்டிக்கு ஆறு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்தெடுத்தாள். ரப்பர் வளையம் நாற்பது வருஷத்தில் மக்கிவிடும் என்பதால் மூடியை வெல்டிங்கே செய்துவிடத் தீர்மானித்தாள். காற்றை எடுத்துவிட்டு ஆர்கான் வாயு நிரப்ப வேண்டும், மை ரிப்பனைத் தனியாகக் கண்ணாடிக் குழாயில் வைக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குப் பழக்கமான கணக்கு. பழகாதது ஒன்றுதான்: நூறு வருஷம் கழித்துத் திறப்பவர்களுக்கு டூட்டி என்ற சொல்லே தெரியாமல் போயிருக்கலாம், இந்த மெஷின் எதற்கென்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? மூடியில் செதுக்க நான்கு படங்கள் வரைந்தாள். ஒருவன் கார்டைச் செருகுகிறான், வேலை செய்கிறான், மறுபடி கார்டைச் செருகுகிறான், படுத்துத் தூங்குகிறான். கை எப்படிப் பிடிக்கும் என்று சரிபார்க்க, மெஷினைப் பயன்படுத்திய யாரையாவது அனுப்பச் சொன்னாள். பழைய ஆட்களில் ஒருவன்தான் மிச்சமிருந்தான்.

இருபத்தொன்பது வயது முகத்தோடு வந்தவனை அவள் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். வைரவன் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு மூன்றாவதன் மேல் விரலை வைத்தான்.

“இது என்னம்மா?”

“டூட்டி முடிச்சு கார்டு போடுறது, தம்பி.”

“நான் இன்னும் போடல” என்றான். பிறகு, “பொட்டிய எப்பம்மா தொறப்பாங்க?” என்று கேட்டான்.

“நூறு வருஷம் கழிச்சு.”

“அச்சா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

ஸ்டோர்க்காரரிடம் கேட்டு மீதியைத் தெரிந்துகொண்ட பிறகு அவனைத் தம்பி என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் சுத்தம் செய்வதற்காக மெஷினைப் பிரித்தாள். ரிப்பன் உருளைக்குப் பின்னால், தகட்டோடு தகடாக ஒட்டிக்கொண்டு, 4417-ன் கார்டு இருந்தது. காலை ஐந்து நாற்பது என்ற ஊதா எழுத்து விரலில் ஒட்டும் ஈரத்தோடு இருந்தது. ஒழுங்காக வேலை பார்த்துப் பழகியவள் என்பதால் முதலில் மேனேஜர் விஜயபாஸ்கரிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். கார்டைப் போட்டதும் இருபத்தேழு வருஷம் ஒரே நேரத்தில் ஒருவன் தலையில் இறங்கினால் என்ன ஆகும், அது கம்பெனி வளாகத்தில் ஆனால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவருடைய யோசனை.

“ஒரிஜினல் கார்டு மேடம். பெட்டிக்குள்ளயே வெச்சிருங்க, பாக்குறவங்களுக்கு நல்லாருக்கும்” என்றார். “அவனுக்கு என்ன குறை? வயசே ஆகல.”

சந்திரகலா சரி என்றாள். பெட்டிக்குள் வைக்கும் பொருள்களின் பட்டியலில் ஒன்பதாவதாக, கார்டு ஒன்று, என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அதன் பிறகு நான்கு நாள் அஜ்மானுக்கும் ஷார்ஜாவுக்கும் இடையிலான நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் கையெழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் சைட்டுக்குப் போய், கம்பிக் கட்டுகளுக்கு நடுவே நின்றவனிடம் கார்டு கிடைத்த விஷயத்தைச் சொன்னாள். போட்டால் என்ன ஆகுமென்று அவன் கேட்டான். எஃகு எத்தனை வருஷம் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியும், இதைச் சொல்லத் தெரியவில்லை என்றாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு போன் போட்டான்.

சுந்தராம்பாள் முழுவதையும் கேட்டாள். “எறங்குனா உசுரு இருக்குமா?” என்றாள்.

“தெரியலத்தா.”

“இருந்தா வாங்க. இல்லாட்டியும் கொண்டாந்து சேக்கச் சொல்லுங்க, அருளு வந்து கூட்டியாருவான்.” என்றாள் அவள். “காத்துக்கிட்டே இருக்க என்னால ஆகலங்க. எனக்கும் ஒரு முடிவு வேணும்.”

மூடுவதற்கு முன் மெஷின் ஓடுகிறதா என்று ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, வொர்க்‌ஷாப்பில் பெஷாவர்க்கார வெல்டர் ஃபாரூக்கைத் தவிர யாரும் இல்லாதபோது, சந்திரகலா மெஷினுக்கு மின்சாரம் கொடுத்தாள். வைரவன் கையைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கிச் செருகினான். பழைய மோட்டார் கொஞ்சம் முனகியது, பிறகு மணி அடித்தது. மூன்று பன்னிரண்டு என்று விழுந்தது.

முதலில் சட்டை காய்ந்தது. விரல் கீறல் மூடித் தழும்பானது. காதோரத்தில் தொடங்கிய நரை ஒரு நிமிஷத்தில் உச்சிக்குப் போனது, இரண்டு பற்கள் உள்ளங்கையில் விழுந்தன. பகலும் இரவுமாகச் சுமந்த கம்பியெல்லாம் ஒன்றாக வந்து முதுகில் உட்கார்ந்ததைப்போல உடம்பு முன்னால் வளைந்தது. ஃபாரூக் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான். ஐம்பத்தாறு வயது வைரவன் அதைப் பார்த்தார், பிறகு சந்திரகலாவைப் பார்த்தார். “கலாஸ்ம்மா, முடிஞ்சிருச்சு” என்றார். நாற்காலியில் அமர்வதற்குள் தூங்கிப்போனார்.

ஆஸ்பத்திரியில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, தூக்கம்தான் என்றார்கள். உடல்நலக் குறைவால் வேலையிலிருந்து விலகினார் என்று விஜயபாஸ்கர் பைலை மூடினார். பெட்டிக்குள் வைத்த கார்டில் இப்போது இரண்டு நேரம் இருப்பதை அவர் பார்க்கவில்லை. சனிக்கிழமை ஃபாரூக் மூடியைச் சுற்றி வெல்டிங் வைத்தான். முதலாளி பேசினார், கைதட்டினார்கள், கான்கிரீட் ஊற்றினார்கள். அருள்முருகன் தம்மாமிலிருந்து வந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி இவர் யார் என்று கேட்டார். அப்பா என்றான் அவன். இந்தத் தடவை பஸ்ஸும் கிளம்பியது, விமானமும் கிளம்பியது.

மே மாதம் லீவில் போன சந்திரகலா, கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாள் தேவகோட்டைக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் வைரவன் தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கியது. சுந்தராம்பாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புண் வராமல் புரட்டிப் போட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்துவிட்டாள். தூங்காமல்விட்ட இரவுகளைக் கூட்டிப் பார்த்து, ஒன்பது வருஷம் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது அவளுக்கு அறுபத்திரண்டு ஆகியிருக்கும். அவர் எழுந்திருக்கும்போது யாருமே வீட்டில் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் அவள் கவலை. அதற்காக ரத்த அழுத்த மாத்திரையை இப்போது தவறாமல் சாப்பிடுவதாகச் சொன்னாள். சந்திரகலா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சுந்தராம்பாள் உதட்டில் விரலை வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

அன்று எதிர்வீட்டில் கல்யாணம். ஸ்பீக்கர் கட்ட வந்தவர் ஏணியில் ஏறி, ஜன்னலோரக் கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே, இரண்டு குழாய் ஸ்பீக்கர்களையும் வயல் பக்கமாகத் திருப்பிக் கட்டினார்.