தோலுக்கு மட்டும்

எங்கள் மாப்பிள்ளைக்கு உலகத்தில் இருப்பது இரண்டே ஜாதி. காரில் தோல் சீட் வைத்திருப்பவர்கள், வக்கில்லாதவர்கள். பழைய காரைத்தான் வாங்கினார். எவனோ ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்ட வண்டி. அதை மட்டும் வெளியில் மூச்சு விட மாட்டார். "ரெக்சின் இல்ல அத்தை, அசல் தோலு" என்று என்னிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுவார். நானும் ஒவ்வொரு தடவையும் "அப்படிங்களா மாப்பிள்ளை" என்பேன். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு வேறென்ன சொல்ல முடியும்?

பால் நிற சீட். அதில் ஜீன்ஸ் போட்டு உட்காரக்கூடாது, சாயம் ஒட்டிக்கொள்ளுமாம். பெல்ட் கூடாது, கீறல் விழுமாம். கட்டிய பெண்டாட்டியே துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். "தோலு மூச்சு விடணும்" என்பார். சமையலறையில் புகையை வெளியே தள்ளுகிற ஃபேன் ஓடாமல் கிடக்கிறது, என் மகள் இருமிக்கொண்டே சமைக்கிறாள். அவள் மூச்சு விட வேண்டுமென்று இவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் பனியனோடு காருக்குள் புகுந்துவிடுவார். முதலில் வேக்குவம் போட்டு இடுக்கு இடுக்காக உறிஞ்சுவது. பிறகு நுரையைத் தொட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷைவிட மெத்தென்ற ஒரு பிரஷ்ஷால் தையல் ஓரங்களைத் தடவிக் கொடுப்பது. அப்புறம் துடைப்பது, ஆற விடுவது, க்ரீம் பூசுவது. தின்ற தட்டைத் தூக்கிப் போடத் தெரியாத கைக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்துதான் அத்தனை பதவிசு வருமோ.

அந்த வீட்டுக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போய்த் தங்கவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலைச் சுற்றித் தோல் பாளம் பாளமாக வெடித்து ஆறாமல் இருந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதே என்று மகள்தான் அழைத்து வந்தாள். "இந்த மருந்தை ஒரு வேளைகூட விடாம தடவுங்க. வெடிப்பு உள்ள இறங்கிடுச்சுன்னா விரலை எடுக்கிறதைத் தவிர வழியில்ல" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த மருந்து வெளிக்கடையில் கிடைக்காது. ஆஸ்பத்திரியிலேயே கலந்து வெள்ளை டப்பாவில் போட்டுத் தருவார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் கார் நிற்கும். "மாமா கால்ல மருந்து இருக்கு பாருங்க, சீட்டுல பட்டா கறை போகாது" என்பார் மாப்பிள்ளை, கொஞ்சம்கூடக் கூசாமல். என் வீட்டுக்காரர் சாது. "அதுவும் சரிதானே" என்று சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வேலை இருந்தது. முதல் நாளே பழைய மருந்து தீர்ந்திருந்ததால், காலையில் ஓடிப்போய்ப் புது டப்பா வாங்கிவந்து ஹால் அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். நான் வெந்நீரில் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு வந்து பார்த்தால் டப்பாவைக் காணோம். அலமாரி முழுக்கத் துழாவினேன். வாசலிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"அத்தை, நான் ஆர்டர் பண்ண க்ரீம் வந்துடுச்சு போல. பிரமாதம். வாசனைதான் கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

ஓடினேன். நான்கு சீட்டுக்கும் பூசி முடித்து, டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"அது மாமாவோட மருந்து மாப்பிள்ளை."

"இல்ல அத்தை, நல்லாப் பாருங்க. 'தோலுக்கு மட்டும்'னு எழுதியிருக்கே. 'ஈரம் துடைத்தபின் மெல்லியதாகத் தடவவும்.' அப்படியேதான் செஞ்சேன்."

பிறந்ததிலிருந்து யார் சொல்லையும் கேட்காதவர், ஒரு டப்பாவின் சொல்லைக் கேட்டிருக்கிறார். அந்த எழுத்துக்கு மேலேயே என் வீட்டுக்காரர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். விரலை வைத்துக் காட்டினேன்.

"அது கம்பெனி பேருன்னு நெனச்சேன். மாமா மாமான்னுதானே கூப்பிடுறோம்."

பெண் எடுத்த வீட்டு மனிதரின் பெயர் தெரியாது இந்த ஜென்மத்துக்கு. சீ என்று ஆகிவிட்டது. அதற்குள் சீட்டில் மஞ்சள் திட்டுத் திட்டாக ஊறி எழும்ப, மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சே, போச்சே" என்று ஒரே புலம்பல். எதைச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் வந்து சேர்வதற்குள், முதல் நாளிலிருந்தே மருந்து படாத விரல் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது. தொட்டால் அனலாகச் சுட்டது. அவள் அப்பாவின் காலைப் பார்த்தாள். சீட்டைக் காட்டக் கையைப் பிடித்து இழுத்த புருஷனைப் பார்த்தாள்.

"சாவியைக் குடு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க, வாங்க' தவிர அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மாப்பிள்ளைக்கு அதுகூட உறைக்கவில்லை. "காயாம யாரும் உக்காரக் கூடாது. நான் ஆட்டோ கூப்பிடுறேன்" என்றார். அவள் உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவந்தாள். ஓட்டத் தெரிந்தவள்தான், இவர்தான் தொட விட்டதில்லை. இரண்டு பேருமாக அப்பாவைத் தாங்கிப் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்தோம். "துண்டாவது விரிச்சுக்கங்க" என்று வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தார் மாப்பிள்ளை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். காலைச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார்கள். "இப்பவே கொண்டுவந்தீங்க, விரல் தப்பிச்சுது" என்றார் டாக்டர். மகள் அப்பாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, "நம்ம வீட்டுக்கே போயிடலாம்மா. நானும் வந்துடுறேன்" என்றாள்.

அவள் போன் அடித்தது. எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"அத்தை, கறை பரவியிருக்கா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"மாமாவுக்கு ஊசி போட்டிருக்காங்க மாப்பிள்ளை."

"ஆங், சரி சரி. எப்ப வருவீங்க?"

மகளைப் பார்த்தேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நாளைக்கு ஒரு டிரைவர்கிட்ட குடுத்து அனுப்புறோம். கார் மட்டும்தான் வரும் மாப்பிள்ளை."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"அது வந்தாப் போதும் அத்தை" என்றார்.